ஆறு புள்ளிகள்

போன வார அத்தியாயத்தை, தபாலில் வந்த உறையைப் படகு மெக்கானிக் ஐனர் மூன்று நாள் பிரிக்காமல் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார், நாலாம் நாள் படகுப் பட்டறையின் கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தார் என்பதோடு நிறுத்தியிருந்தேன். உள்ளே என்ன இருந்தது என்று கேட்டு எனக்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், ஐனரைவிட நீங்கள்தான் அதிகம் தவித்திருக்கிறீர்கள் போலிருக்கிறது.

சொல்லிவிடுகிறேன். ஒரு வாடிய பனிப்பூ. நாலு வரிப் பாட்டு. அடியில் ஆறு புள்ளிகள். வேறொன்றும் இல்லை.

ஈஸ்டருக்கு முன்னால் எங்கள் துறைமுக ஊரான ஸ்வென்போரில் யாருக்கு வேண்டுமானாலும் இப்படி ஒரு புள்ளிக் கடிதம் வரும். தாளை மடித்துப் பூவும் இலையுமாய் வெட்டி, நடுவில் பாட்டெழுதி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பெயரின் எழுத்துக்கு ஒரு புள்ளி வீதம் வைத்து அனுப்புவார்கள். யார் என்று கண்டுபிடித்துவிட்டால் அனுப்பியவர் ஒரு சாக்லேட் முட்டை தர வேண்டும். தப்பாகச் சொன்னால் வாங்கியவர் தர வேண்டும். சின்னப் பிள்ளைகள் விளையாட்டு. ஐனர் வீட்டில்தான் அது ஒன்பது வருடமாக விளையாட்டாக இல்லை.

மகன் ட்ரூல்ஸ் வீட்டை விட்டுப் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. மகள் ஸோல்வாயின் கல்யாண விருந்தில் நடந்ததை முதல் அத்தியாயத்தில் எழுதினேன். எழுந்து நின்று கண்ணாடிக் கோப்பையைத் தட்டிப் பேசுவதென்றால் எங்கள் ஆட்களுக்குச் சர்க்கரைப் பொங்கல். அதிலும் ஐனருக்கு அன்று நாக்கில் சனி. மகளை வாழ்த்திய வாயோடு மகனையும் இழுத்தார். மாலுமிப் படிப்பைப் பாதியில் விட்டவன், தச்சு வேலையைப் பாதியில் விட்டவன், இவனை ஒயின் ஊற்றச் சொல்லாதீர்கள், அதையும் பாதிக் கோப்பையில் நிறுத்திவிடுவான் என்றார். தொண்ணூறு பேரும் சிரித்தார்கள். ட்ரூல்ஸ் மடியிலிருந்த துணியை மடித்து மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனான். இன்று வரை திரும்பவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு மார்ச் மாதக் காலையில் கதவிடுக்கில் முதல் புள்ளிக் கடிதம் கிடந்தது. நீலத் தாள், ஓரமெல்லாம் தாளில் துளையிடும் பஞ்ச் கருவியை வைத்து வெட்டிய பூக்கள், ஆறு புள்ளிகள். ஸ்டாம்ப் இல்லை. ஐனர் முதலில் மகளைத்தான் பிடித்தார். எங்கள் எழுத்தில் எழுதினால் ஸோல்வாய்க்கும் ஆறுதான். சத்தியமாக நான் இல்லை என்றாள் அவள். அப்புறம் என்ன, ட்ரூல்ஸுக்கும் ஆறு. விடியும் முன்னே வாசல் வரை வந்துவிட்டு மணியடிக்காமல் போயிருக்கிறான் என்று ஐனர் முடிவு கட்டிவிட்டார்.

அந்தப் பஞ்ச் பூவிலும் ஒரு விசேஷம் இருந்தது. ஆறு இதழில் ஐந்து முழுசு. ஒன்றுக்கு மட்டும் நுனி கிடையாது, பாதியில் நிற்கும். ஒவ்வொரு பூவிலும் அப்படி. வருடாவருடம் அப்படி. என் பேச்சுக்குப் பதில் சொல்லியிருக்கிறான் பார், பாதியில் விடுகிறவன் என்று சொன்னேனே, அதைப் பூவில் வைத்துக் காட்டுகிறான் என்று சொல்லிச் சொல்லி ஐனர் அழுதார். ஒன்பது கடிதத்தையும் சட்டம் போட்டுப் பட்டறைச் சுவரில் வரிசையாக மாட்டிவைத்தார். ஆனால் ஒரு வருடமாவது பெயரைச் சொல்லிப் போன் செய்தாரா என்றால், அதற்கு மட்டும் வீம்பு விடவில்லை.

இந்த வருடம் அந்த வீம்பும் உடைந்தது. உடைத்தது ஒரு ஸ்டாம்ப்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நூலகத்தில் ஸோல்வாயின் மேஜைக்கு முன்னால் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். ஈஸ்டர் நெருங்கினால் ஊரிலுள்ள பேப்பர் பஞ்சுகளெல்லாம் ஒரே நேரத்தில் பல்லைக் கடித்துக்கொள்ளும். வருடம் முழுவதும் டிராயரில் தூங்கியதை எடுத்து, கண்டதையும் வாயில் திணித்தால் வேறென்ன செய்யும்? நூலகத்தில் வேலை பார்க்கும் ஸோல்வாய்க்கு இந்த வைத்தியம் கைவந்தது என்பதால், மார்ச் சனிக்கிழமைகளில் அவள் புத்தகத்தைத் தொடுவதே இல்லை.

முதல் ஆள் டாக்னி அம்மாள். பட்டாம்பூச்சி பஞ்சில் இரட்டைப் பக்க ஒட்டுப்பட்டையை வெட்டப் பார்த்திருக்கிறார். தாளைத் தவிர வேறு எதையும் விட்டதில்லை என்று சாதித்தார். ஸோல்வாய் பஞ்சைக் கவிழ்த்துப் பிடித்து, சமையல் எண்ணெய் தொட்ட துணித் திரியால் பசையை ஊறவைத்து, பல்குச்சியால் நெம்பி, வெளியே வந்த ஒட்டுப்பட்டைத் துண்டை டாக்னி அம்மாளின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதைப் பார்க்காமலேயே கைப்பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்து வரிசையைத் தாண்டிக்கொண்டு வந்து நின்றது அப்பா. ஐனருக்கு அறுபத்தொன்பது வயது. நாற்பது வருடம் படகு இன்ஜின்களோடு கிடந்ததில் இடது காது போய்விட்டது, அதனால் ரகசியம் பேசினாலும் நாலு பேருக்குக் கேட்கும். சட்டைப்பையிலிருந்து ஒரு பூ பஞ்சை எடுத்து மேஜையில் வைத்தார். லீவர் பாதியில் இறங்கி நின்றிருந்தது.

"அம்மாவோடது. பிப்ரவரி பூரா இதோட மல்லுக்கு நின்னா, அப்புறம் அலமாரிக்குப் பின்னால தூக்கிப் போட்டுட்டா. சரி பண்ணிக் குடு. நான் கொண்டுவந்தேன்னு தெரிய வேண்டாம், திடீர்னு குடுத்து ஆச்சரியப்படுத்தலாம்."

"ஸ்க்ரூடிரைவர் விட்டுக் குடைஞ்சீங்களா?"

"லேசா."

"அப்பா."

"லேசாத்தான் விட்டேன்."

ஸோல்வாய் பெருமூச்சு விட்டுப் பஞ்சை வாங்கிக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அம்மாவிடம் இப்படியொரு பஞ்ச் இருந்ததே அவளுக்குத் தெரியாது. அதை யோசிக்க அப்பா விடவில்லை. உறையை எடுத்து நீட்டினார்.

கட்டம் போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். கத்தரிக்கோலால் வெட்டியது. ஒரு இடத்தில் மடிப்பு விட்டுப்போய்க் கிழிந்திருந்தது. பாட்டு வழக்கமான பாட்டுதான், அச்சடித்த மாதிரி பெரிய எழுத்தில். பஞ்ச் பூ ஒன்றுகூட இல்லை. உறையில் ஸ்டாம்ப். அதன் மேல் மேற்குப் பக்கத்துத் தபால் முத்திரை. ட்ரூல்ஸ் இருக்கும் எஸ்பியர் நகரம் அந்தப் பக்கம்தான்.

"இத்தனை வருஷம் வாசல் வரைக்கும் வந்தான். இந்த வருஷம் ஸ்டாம்ப் ஒட்டிட்டான். வர்றதை நிறுத்திட்டான், புரியுதா? பூ வெட்டக்கூடப் பொறுமை இல்லை. அடுத்த வருஷம் இதுவும் வராது" என்றார் ஐனர்.

அதனால் இன்று ஒரு மணிக்குப் போன் செய்யப் போகிறாராம். ட்ரூல்ஸின் நம்பர் டெலிபோன் டைரக்டரியில் எத்தனையோ வருடமாக இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறக்கத்தான் அந்த வீட்டில் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. ஐனருக்கு அது மனப்பாடம் என்பது ஸோல்வாய்க்கு இன்றுதான் தெரிந்தது.

என்ன பேசுவீர்கள் என்று கேட்டாள். மனிதர் ஒத்திகையே பார்த்து வைத்திருந்தார்.

"கண்டுபிடிச்சுட்டேன்னு சொல்லுவேன். நீ எனக்கு ஒரு முட்டை தரணும், அதை வாங்கிக்க நான் அங்க வரட்டுமான்னு கேப்பேன். அவ்வளவுதான். பேச்சு நீளமா வேண்டாம். நீளமாப் பேசினதுதான் தப்பு."

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் காதில் விழாத மாதிரி நின்றார்கள்.  ஸோல்வாய் எழுந்து அப்பாவின் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்து அனுப்பினாள். அவள் கல்யாணத்தில் தொடங்கிய வினை இது. இன்று முடிந்தால் முதல் சந்தோஷம் அவளுக்குத்தான்.

பிறகு அம்மாவின் பஞ்சைக் கவனித்தாள். கவிழ்த்துத் தட்டினாள், அசையவில்லை. கத்தியோ ஆணியோ விட்டால் வெட்டு விளிம்பு போய்விடும். இந்த மாதிரி அடம் பிடிக்கிற கேஸ்களுக்கு அவளிடம் ஒரே மருந்து. ஊழியர் சமையலறைக்குப் போய், யாரோ வைத்திருந்த மீன் உருண்டைப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் ஃப்ரீஸரில் வைத்துவிட்டு வந்தாள். குளிரில் இரும்பு கொஞ்சம் சுருங்கும், கவ்விய தாள் பிடி தளரும். அதற்குள் இரண்டு இதயம், ஒரு நட்சத்திரம், ஒரு முயல் பஞ்ச் முடிந்தது.

பன்னிரண்டேகால் மணிக்கு அதை வெளியே எடுத்து மரக்கரண்டிக் காம்பால் அடியில் மெல்ல ஒரு தட்டு தட்டினாள். டக்கென்று ஸ்பிரிங் துள்ளி லீவர் மேலே வந்தது. கூடவே நாலைந்து மடிப்பாக நசுங்கிய தாள் மேஜையில் விழுந்தது.

நீலத் தாள்.

நீலத் தாள் ஊரில் எல்லாக் கடையிலும்தான் கிடைக்கிறது என்று நினைத்துக்கொண்டே அவள் வேலையைத் தொடர்ந்தாள். அலுமினியம் ஃபாயிலை நாலாக மடித்துப் பத்துத் தரம் வெட்டினாள், விளிம்பு கூராவதற்கு. பிறகு மெழுகுத்தாளைப் பத்துத் தரம் வெட்டினாள், வழுவழுப்புக்கு. கடைசியாக அந்த நீலத் தாளில் கசங்காத ஒரு ஓரத்தை உள்ளே விட்டு லீவரை அழுத்தினாள். சரியாகிவிட்டதா என்று பார்ப்பதற்காக, வேறெதற்கும் இல்லை.

பூ விழுந்தது. ஆறு இதழ். ஐந்து முழுசு. ஒன்று பாதி.

ஸோல்வாய் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தரம் அழுத்தினாள். மறுபடி அதே பாதி இதழ். பஞ்சைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். வெட்டு அச்சில் ஓர் இதழின் நுனி உடைந்து, உடைந்த இடம் பழசாகிக் கறுத்துப் போயிருந்தது. எதிரே நின்ற பெண்மணி உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று கேட்டது எங்கோ தூரத்தில் கேட்டது. 

ஒன்பது கடிதம். ஒன்பது வருடம் அப்பா விடியற்காலையில் கதவருகே நின்றது. சுவரில் மாட்டிய சட்டங்கள். மகன் பதில் சொல்லியிருக்கிறான் என்று அழுத அழுகை. எல்லாம் இந்த அலமாரிக்குப் பின்னால் கிடந்த பஞ்சிலிருந்து வந்தது. ட்ரூல்ஸ் ஒரு தாளைக்கூட வெட்டவில்லை.

அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு மணிக்கு அப்பா போன் செய்வார். கண்டுபிடித்துவிட்டேன் என்பார். எந்தக் கடிதம், நான் எதுவும் அனுப்பவில்லையே என்பான் ட்ரூல்ஸ். தொண்ணூறு பேர் முன்னால் மகனை அவமானப்படுத்தியவர், இப்போது மகன் முன்னால் தானே போய் முட்டாளாக நிற்பார். அதற்கப்புறம் அந்த மனிதர் ஜென்மத்துக்கும் அந்த நம்பரைத் தொட மாட்டார்.

மன்னிக்க வேண்டும், மீதியை அடுத்த சனிக்கிழமை பார்க்கலாம் என்று வரிசையைக் கலைத்துவிட்டு ஸோல்வாய் சைக்கிளை எடுத்தாள். துறைமுகத்தருகே இருந்த நூலகத்திலிருந்து அப்பா வீடு வரை மேடு. எதிர்க்காற்று வேறு. ஜாக்கெட்டின் ஜிப்பைக்கூட அவள் போடவில்லை.

வீட்டின் கீழ்த்தளத்தில் சமையலறை. அங்கே அவள் அம்மா பிர்தே முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். மகள் மூச்சு வாங்க வந்து நின்று நீலப் பூவை முட்டை ஓடுகளுக்கு நடுவில் வைத்தாள். பிர்தேயின் கை அப்படியே நின்றது.

"எங்க கிடைச்சுது?"

"அப்பாவே கொண்டுவந்து குடுத்தார். உனக்காகச் சரி பண்ணணுமாம்."

பிர்தே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அவளுக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. ஸோல்வாய்க்குத்தான் ஆத்திரம் பொங்கியது. இப்படியும் ஒருத்தி செய்வாளா, பெற்ற பிள்ளையின் பேரில் கட்டின புருஷனுக்கு வருடாவருடம் பொய் எழுதுவாளா என்று குரலை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"ட்ரூல்ஸ் பேர்ல நான் எழுதலை. ஒரு பொய்யும் நான் எழுதலை" என்றாள் பிர்தே. "என் பேரை எண்ணிப் பாரு."

ஸோல்வாய் விரல் விட்டு எண்ணினாள். அவளுடைய வாழ்நாளில் அம்மா பெயருக்கு எத்தனை எழுத்து என்று அவள் யோசித்ததே இல்லை. அம்மாவுக்கு அம்மா என்றுதானே பெயர். இரண்டாவது தரமும் எண்ணினாள். எங்கள் எழுத்தில் பிர்தேக்கும் ஆறுதான்.

பிர்தே மெல்லச் சொன்னாள். ட்ரூல்ஸ் போன பிறகு இரண்டு வருடம் வீடு சாவு விழுந்த வீடு மாதிரி கிடந்தது. ஐனர் சாப்பாட்டு மேஜையில்கூடப் பேசுவதில்லை. மனிதரைச் சிரிக்க வைக்கலாம் என்று அவள் ஒரு புள்ளிக் கடிதம் செய்து கதவிடுக்கில் வைத்தாள். சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிடுவார், ஒரு முட்டை வாங்கிக் கொடுத்து இரண்டு பேரும் சிரிப்போம் என்று நினைத்தாள். ஆனால் அவர் பட்டறையிலிருந்து அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தார். கல்யாண விருந்துக்குப் பிறகு முதல் தடவையாக அழுதார். அவன் வந்துவிட்டுப் போயிருக்கிறான் என்றார்.

"அந்த முகத்தைப் பாத்தப்புறம் அது நான்தான்னு எந்த வாயால சொல்றது? அடுத்த வருஷம் அனுப்பக் கூடாதுன்னுதான் இருந்தேன். மார்ச் பிறந்ததுலேருந்து தினமும் காலைல குளிர்ல கதவுகிட்ட வந்து நிக்கறார். என்ன பண்ணுவேன்?"

"அந்தப் பாதி இதழ்?"

"அதை உடைச்சதே உங்கப்பாதான். ஏதோ இன்ஜினுக்கு மெல்லிசா வாஷர் வேணும்னு என் பஞ்சை எடுத்துட்டுப் போய்ப் பித்தளைத் தகட்டுல வெச்சு அழுத்தினார். நீ அப்ப ஸ்கூல்ல படிச்சே. அது அவருக்கு ஞாபகமே இல்லை."

பிர்தே நீலப் பூவை விரலால் நகர்த்தினாள். "ஒன்பது வருஷம். பக்கத்துல படுத்திருக்கேன். ஒரு தடவையாவது இது இவளா இருக்குமோன்னு அவருக்குத் தோணலை பாரு."

அதைக் கேட்டதும் ஸோல்வாயின் ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆனால் பரிதாபப்பட நேரமில்லை. ஒரு மணிக்கு நடக்கப் போவதைச் சொன்னாள். பிர்தேக்கு அது தெரியாது.  சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு ஐம்பது.

"நானே சொல்லிடறேன்" என்று எழுந்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். "என்னை என்ன வேணா திட்டட்டும். அவன்கிட்ட போய் அவமானப்படக் கூடாது."

இருவரும் படிக்கட்டுக்கு வந்தார்கள். முதல் படியில் கால் வைத்தபோது ஸோல்வாய் ஒரு பேச்சுக்குத்தான் கேட்டாள், இந்த வருடம் மட்டும் ஏன் ஸ்டாம்ப் ஒட்டினாய், அதுவும் ட்ரூல்ஸ் ஊர்ப் பக்கம் போய் எப்படித் தபாலில் போட்டாய் என்று.

பிர்தே நின்றுவிட்டாள்.

"அதை நான் அனுப்பலை."

"அம்மா, இனிமே எதுக்கு மறைக்கறே?"

"பஞ்ச்தான் சிக்கிக்கிச்சே. பூ இல்லாம அனுப்பினா அவருக்குச் சந்தேகம் வரும்னு விட்டுட்டேன். தபால்ல வந்ததைப் பாத்ததும் நீதான் அனுப்பிருக்கேன்னு நினைச்சேன். உனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு, என்னைக் காப்பாத்தறேன்னு நினைச்சு வாயை மூடிட்டு இருந்தேன்."

ஸோல்வாய் இல்லை என்று தலையாட்டினாள். அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆறு எழுத்துக்காரர்களில் இரண்டு பேர் இங்கே நிற்கிறார்கள். மிச்சம் இருப்பது ஒருவன்தான். அப்படியானால், அப்படியானால் நிஜமாகவே.

மேலே கூடத்தில் டெலிபோன் ஸ்பீக்கர் கொர்ரென்றது.

எங்கே போனாலும் ஐந்து நிமிடம் தாமதமாகப் போகிற மனிதர் இன்று ஐந்து நிமிடம் முன்னாலேயே நம்பரைப் போட்டுவிட்டார். காது கேட்காததால் ஐனர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். இருவரும் படியேறி ஓடினார்கள். கூடத்து வாசலை அடைந்தபோது அந்தப் பக்கம் மணி மூன்றாம் தரம் அடித்துக்கொண்டிருந்தது. ஐனர் புதுச் சட்டை போட்டிருந்தார். வலது கையில் அந்தக் கட்டம் போட்ட தாள் இருந்தது. இவர்கள் வந்ததை அவர் கவனிக்கவில்லை.

யாரோ எடுத்தார்கள். ஹலோ என்பதற்குக்கூட ஐனர் காத்திருக்கவில்லை. ஒத்திகை பார்த்த வார்த்தை அது பாட்டுக்கு வந்தது.

"கண்டுபிடிச்சுட்டேன். ஆறு புள்ளி. ட்ரூல்ஸ்."

 ஒரு குழந்தையின் குரல், ஏழெட்டு வயது இருக்கும், ரொம்பத் தெளிவாகச் சொன்னது.

"தப்பு."

ஐனர் ஸ்பீக்கரையே பார்த்தார்.

"நீங்கதானே அப்பாவோட அப்பா?" என்றது குரல். "தப்பாச் சொல்லிட்டீங்க. அதனால நீங்கதான் எனக்கு முட்டை தரணும். எனக்குப் பாதாம் வெச்சது பிடிக்காது."

ஐனர் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கையை நீட்டினார். கோட் மாட்டும் ஸ்டாண்டுதான் கிடைத்தது. "நீ யாரும்மா?" என்று கேட்டார். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து ஸோல்வாய் கேட்டதில்லை.

"பிர்தே. எண்ணிப் பாருங்க, ஆறு."

ஸோல்வாய்க்கு அருகில் பெரிய பிர்தே சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். கோபித்துக்கொண்டு போன பிள்ளை, ஒரு வரி எழுதாத பிள்ளை, தன் மகளுக்கு அவள் பெயரை வைத்திருக்கிறான். தினமும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அவளுக்குத் தெரியாது.

அட்ரஸ் எப்படித் தெரியும் என்று ஐனர் கேட்டார். கேட்டாரா முனகினாரா என்று சொல்ல முடியாது, ஆனால் குழந்தைக்குப் புரிந்தது.

"அப்பாவோட பெட்டியில நிறைய லெட்டர் இருக்கு. எல்லாத்து மேலயும் உங்க அட்ரஸ்தான். ஒண்ணையும் அனுப்பலை. எல்லாம் பாதிதான் எழுதியிருக்கு."

ஐனரின் கண்ணிலிருந்து நீர் இறங்கிப் புதுச் சட்டைக் காலரில் விழுந்தது. துடைக்கவில்லை. திடீரென்று ஏதோ நினைவு வந்தவராக, இதற்கு முன்னாலும் நீதான் அனுப்பினாயா, அந்த நீலத் தாள் கடிதமெல்லாம் நீ வெட்டியதா என்று கேட்டார்.

"எந்த நீலத் தாள்? நான் இப்பத்தான் முதல் தடவை அனுப்பறேன். எங்ககிட்ட கட்டம் போட்ட தாள்தான் இருந்துச்சு."

ஐனர் மெதுவாகத் திரும்பினார். வாசலில் நின்ற மகளைப் பார்த்தார். அவள் கையிலிருந்த பஞ்சைப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். அவருடைய உதடுகள் அசைந்தன. பேசவில்லை, எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறில் வந்து நின்றது. பிர்தே அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அந்த நேரத்தில் ஸ்பீக்கரில் ஒரு கதவு திறக்கும் சத்தம். ஓர் ஆணின் குரல், கொஞ்சம் தள்ளி, யார் போனில் என்று கேட்டது.  காலடிகள் வந்தன. ரிசீவர் கை மாறியது.

"ஹலோ? யாரு பேசறீங்க?"

பதினோரு வருடத்தில் அந்தக் குரல் தடித்திருந்தது.  அப்பா பேசுங்கள், ஏதாவது பேசுங்கள் என்று ஸோல்வாய் மனசுக்குள் கெஞ்சினாள். தொண்ணூறு பேர் முன்னால் கோப்பையைத் தட்டிக்கொண்டு மணிக்கணக்காகப் பேசியவர் வாயைத் திறந்தார், மூடினார். ஒத்திகை பார்த்ததில் இப்போது எதுவும் உதவாது. முட்டை வாங்கிக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை. அவர் தோற்றுவிட்டார்.

"ட்ரூல்ஸ்" என்றார். "உன் பொண்ணுக்கு நான் ஒரு முட்டை தரணும்."

 அவன் மூச்சு விடும் சத்தம் மட்டும் கூடம் முழுவதும் கேட்டது. மூன்று பேரும் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனை வைக்கிற சத்தம் வரவில்லை.